'சைக்கோ': நாவலையும் படத்தையும் சேர்த்து வைத்து ஒப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு நாவல் படமானதும் நாம் வழக்கமாகச் செய்வது கணக்கெடுப்பு. எதை வெட்டினார்கள், எதைச் சேர்த்தார்கள், யார் பெயரை மாற்றினார்கள் என்று பட்டியல் போட்டுவிட்டு, கடைசியில் "புத்தகம்தான் நல்லா இருந்தது" என்று முடித்துவிடுகிறோம். பட்டியல் தேவைதான். ஆனால் அதோடு நின்றால் ஏன் மாற்றினார்கள் என்பது பிடிபடாது. த்ரில்லரில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த நிமிடத்தில் நாம் யார் பக்கம் நிற்கிறோம், நமக்கு என்ன தெரியும், எது மறைக்கப்பட்டிருக்கிறது? நாவலாசிரியர் நம்மை ஓரிடத்தில் நிறுத்துகிறார், இயக்குநர் வேறோரிடத்தில் நிறுத்துகிறார். மற்ற மாற்றங்களில் பெரும்பாலானவை அதிலிருந்து பிறப்பவை.

இதைப் பழகிக்கொள்ள 'சைக்கோ'வைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரியவில்லை. ராபர்ட் பிளாக்கின் நாவல் 1959இல் வெளிவந்தது. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் படம் 1960 ஜூனில் நியூயார்க்கில் திரையிடப்பட்டது. இடையில் அதிகக் காலமில்லை. கதை ஏறத்தாழ ஒன்றே. கொலைகள் அவையே, கடைசியில் அவிழும் ரகசியமும் அதுவே. அப்படியிருந்தும் இரண்டும் தரும் அனுபவம் முற்றிலும் வேறு.

இனி வரும் பகுதிகளில் எல்லா ரகசியங்களையும் உடைத்துப் பேசப்போகிறேன். படத்தைப் பார்க்காதவர்கள், நாவலைப் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, இரண்டையும் முடித்த பிறகு வரலாம். கொலையாளி யார் என்று தெரியாமல் இந்தப் படத்தை ஒரே ஒரு முறைதான் பார்க்க முடியும். அந்த வாய்ப்பை ஒரு கட்டுரைக்காக இழக்காதீர்கள்.

1. வரிசை: படம், நாவல், மறுபடியும் படம்

எதை முதலில் எடுப்பது என்பதற்கு என் பதில், படம். அதிர்ச்சியை நம்பி நிற்பது படம்தான் அதிகம். நாவலை முதலில் படித்தவருக்கு மோட்டல் பலகை திரையில் தெரிந்ததுமே அடுத்தது என்ன என்று தெரிந்துவிடும். படத்தை முதலில் பார்ப்பதால் ஒரு இழப்பு உண்டு. மோட்டலை, அதாவது நெடுஞ்சாலையோர விடுதியை, நடத்தும் நார்மன் பேட்ஸைப் படத்தில் அவனாக நடித்த ஆண்டனி பெர்கின்ஸின் முகம் இல்லாமல் கற்பனை செய்ய முடியாது. அந்த இழப்பையும் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதல் முறை படத்தை நிறுத்தாமல், குறிப்பெடுக்காமல் பாருங்கள். அப்புறம் நாவலை இரண்டு மூன்று அமர்வில் படித்து முடியுங்கள். சின்னப் புத்தகம்தான், பதினேழு அத்தியாயம். இப்போது கையில் பேனாவோடு படத்தை இரண்டாம் முறை பாருங்கள். இந்த இரண்டாம் பார்வையில்தான் வேலை நடக்கிறது.

2. எலும்புக்கூட்டை எழுதுங்கள்

ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் நாவலின் அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி. வலப்பக்கம் படத்தின் காட்சிகள், தொடங்கும் நிமிடத்தோடு. அத்தியாயங்களுக்கு எதிரே இன்னொரு விஷயத்தையும் குறியுங்கள்: இந்த அத்தியாயம் யார் மனதுக்குள் இருந்து சொல்லப்படுகிறது? இந்தக் குறிப்பை மட்டும் தவறவிடாதீர்கள்.

எழுதி முடித்ததும் ஒரு விஷயம் கண்ணில் படும். நாவலில் நாயகி சாவது மூன்றாம் அத்தியாயத்தின் முடிவில். அவள் கதைக்குள் வருவதே இரண்டாம் அத்தியாயத்தில்தான். பதினேழு அத்தியாயத்தில் அவளுக்குக் கிடைப்பது இரண்டு. படம் மொத்தம் 109 நிமிடம். அதில் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் நாம் அவளோடுதான் இருக்கிறோம். அந்த வேடத்தில் நடித்தவர் ஜேனட் லீ, அப்போது படத்தின் பெரிய நட்சத்திரம். பாதிப் படம் வருவதற்குள் அவரைக் கொன்றுவிடுவார்கள் என்று 1960இல் டிக்கெட் வாங்கியவர்களில் யார் நினைத்திருப்பார்கள்?

பெயர் மாற்றங்களை ஓரமாகக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். நாவலின் மேரி கிரேன் படத்தில் மேரியன் கிரேன். படத்தில் அவள் ஊர் ஃபீனிக்ஸ். அங்கே நிஜமாகவே மேரி கிரேன் என்ற பெயரில் ஒருவர் இருந்ததால் மாற்றினார்கள். சட்டச் சிக்கலைத் தவிர்க்கச் செய்தது, அதில் ஆழமான பொருள் தேட வேண்டியதில்லை. வேலை செய்யும் இடத்திலிருந்து அவள் திருடிக்கொண்டு ஓடும் தொகை இரண்டிலும் 40,000 டாலர்தான்.

3. முதல் பக்கத்தையும் முதல் ஷாட்டையும் எதிரெதிரே வையுங்கள்

நாவல் நார்மனிடம் தொடங்குகிறது. மாலை நேரம். ஏதோ சத்தம் கேட்டு அவன் திடுக்கிடுகிறான், ஜன்னலில் மழை. மறுபடி புத்தகத்துக்குத் திரும்புகிறான். அது இன்கா மக்களைப் பற்றிய புத்தகம். எதிரியின் தோலை உரித்து, அந்த உடலையே முரசாக்கி அடித்த ஒரு வெற்றிக் கொண்டாட்டத்தைப் பற்றி ஆர்வமாகப் படித்துக்கொண்டிருக்கிறான். பதப்படுத்திய உடல் என்ற கருவைப் பிளாக் முதல் பக்கங்களிலேயே புதைத்துவிடுகிறார். முதல் முறை படிக்கும்போது இது ஒரு விசித்திர மனிதனின் விசித்திர வாசிப்பு என்று தாண்டிப்போய்விடுவோம். அடுத்து அம்மா வருகிறாள், சண்டை தொடங்குகிறது. நெடுஞ்சாலை இடம் மாறியபோதே நீயும் இடம் மாறியிருக்க வேண்டும், உனக்குத் துணிச்சல் கிடையாது, நீ அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருப்பவன் என்று குத்துகிறாள். அவனோ தான் படித்த உளவியலை அவளுக்கு விளக்கப் பார்க்கிறான். பிறகுதான் மோட்டலுக்கு ஒரு கார் வருகிறது.

படம் ஒரு நகரத்தின் மேலிருந்து தொடங்குகிறது. ஃபீனிக்ஸ், அரிசோனா, வெள்ளிக்கிழமை, டிசம்பர் 11, பிற்பகல் 2:43 என்று திரையில் எழுத்து வருகிறது. கேமரா கட்டடங்களைத் தாண்டி, பாதி மூடிய ஜன்னல் ஒன்றுக்குள் நுழைகிறது. உள்ளே மதிய உணவு நேரத்தில் காதலனைச் சந்திக்க வந்த மேரியன்.

இதில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, நம் நிலைப்பாடு மாறிவிட்டது. நாவலில் நாம் மோட்டலுக்குள் உட்கார்ந்திருக்கிறோம், வெளியிலிருந்து ஒரு பெண் வருகிறாள். படத்தில் நாம் அந்தப் பெண்ணோடு பயணம் செய்து மோட்டலுக்கு வருகிறோம். கதையை மேரியனிடமிருந்து தொடங்கலாம் என்ற யோசனையைக் கொண்டுவந்தவர் திரைக்கதை எழுதிய ஜோசஃப் ஸ்டெஃபானோ. இரண்டாவது, நாம் அழைக்கப்படாமல் ஒரு படுக்கையறைக்குள் எட்டிப் பார்க்கிறோம். பிற்பாடு நார்மன் சுவரிலுள்ள துளை வழியாக மேரியனைப் பார்க்கும்போது, அவனுக்கு முன்பே நாம் அதைச் செய்துவிட்டோம் என்பது உறைக்கும். துளை நாவலிலும் உண்டு. அந்தப் பாவத்தில் நம்மையும் கூட்டுச் சேர்ப்பது படத்தின் வேலை.

மேரியனின் கார்ப் பயணத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சிக்னலில் முதலாளி சாலையைக் கடக்கிறார், அவளைப் பார்த்துத் தயங்குகிறார். கறுப்புக் கண்ணாடி போட்ட போலீஸ்காரர் ஜன்னலைத் தட்டுகிறார். பழைய கார் கடைக்காரர் இவ்வளவு அவசரமாக வாங்குபவளைச் சந்தேகத்தோடு பார்க்கிறார். நாவலில் அவள் மனம் என்ன நினைத்தது என்று வாக்கியத்தில் எழுதிவிடலாம். இங்கே அவள் காதில் ஒலிக்கும் கற்பனைக் குரல்களும், ஓட்டும் முகத்தின் நெருக்கக் காட்சியும் மாறி மாறி வந்து அந்த வேலையைச் செய்கின்றன. ஏமாந்த பணக்காரர் கத்துவதை அவள் கற்பனை செய்யும்போது உதட்டோரம் மெல்ல ஒரு சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். படத்தின் கடைசியில் வேறொரு முகத்தில் அதைப் போலவே ஒன்று வரும்.

4. நார்மன் ஏன் அழகானான்?

நாவலின் நார்மனுக்கு நாற்பது வயது. பருத்த உடம்பு, கண்ணாடி, குடிப்பழக்கம், பெண்களிடம் பயமும் வெறுப்பும். எழுத்தில் இவனோடு இருக்க முடிகிறது, காரணம் நாம் அவன் மனதுக்குள் இருக்கிறோம். ஒருவனின் எண்ணங்களுக்குள் இருந்தால் அவனைப் பிடிக்காவிட்டாலும் புரிந்துவிடுகிறது.

கேமராவால் அப்படி உள்ளே போக முடியாது. வெளியிலிருந்துதான் பார்க்கும். அந்த உருவத்தையே திரையில் நிறுத்தியிருந்தால் முதல் பார்வையிலேயே "இவன்தான்" என்று அரங்கம் முடிவு கட்டியிருக்கும். ஸ்டெஃபானோவுக்கும் நாவலின் நார்மன் பிடிக்கவில்லை. ஹிட்ச்காக் பெர்கின்ஸின் பெயரைச் சொன்னதும் அவருக்குப் பாத்திரம் தெளிவாகிவிட்டது. படம் எடுக்கும்போது பெர்கின்ஸுக்கு 27 வயது. ஒல்லி, கூச்சம், நல்ல சிரிப்பு, வார்த்தை தடுமாறும் பேச்சு. பயமாக இருக்கும்போது மிட்டாய் கொறிக்கும் பழக்கம் பெர்கின்ஸே சேர்த்தது. துப்பறிவாளர் கேள்வி கேட்கும் காட்சியில் அவன் தாடை அசைவதைப் பாருங்கள்.

இதை நடிகர் தேர்வு என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். பாதியில் நாயகியை இழக்கப்போகும் படத்துக்கு, அடுத்துக் கைபிடிக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக நார்மன் இருந்தாக வேண்டுமென்றால் அவனை நமக்குப் பிடித்தாக வேண்டும்.

5. சாப்பாட்டுக் காட்சி

நாவலில் மேரி நார்மனின் வீட்டுக்கே போய் அவனோடு சாப்பிடுகிறாள். படத்தில் அவளை வீட்டுப் படி ஏறவே விடுவதில்லை. மோட்டல் அலுவலகத்துக்குப் பின்னாலுள்ள சின்ன அறையில் பாலும் ரொட்டியும். சுற்றிலும் பாடம் செய்து வைத்த பறவைகள். வீட்டை நமக்கு மூடியே வைத்திருப்பதால் கடைசிவரை அது ஒரு இரையைப் போல நம்மை இழுக்கிறது. குன்றின் மேல் தனியாக நிற்கும் அந்த வீட்டின் தோற்றத்துக்கு எட்வர்ட் ஹாப்பர் 1925இல் தீட்டிய, ரயில் பாதையோர வீட்டு ஓவியத்தை முன்மாதிரியாகச் சொல்வார்கள். ஓவியத்தைத் தேடிப் பாருங்கள், உடனே தெரியும்.

இரண்டிலும் அவள் ஒரே தவறைச் செய்கிறாள்: அம்மாவை எங்காவது மனநல விடுதியில் சேர்க்கலாமே என்று நல்லெண்ணத்தோடு கேட்டுவிடுகிறாள். நாவலில் நார்மன் வெடிக்கிறான். படத்தில் அவன் குரல் தாழ்கிறது, உடல் முன்னால் சாய்கிறது, கேமரா கீழிறங்கி அவனை ஆந்தையோடு சேர்த்துக் காட்டுகிறது. எனக்குப் படத்தின் இந்தப் பகுதி நாவலைவிட ஒரு படி மேல். இந்தப் பேச்சுக்குப் பிறகுதான் மேரியன் திரும்பிப் போய்ப் பணத்தைக் கொடுத்துவிட முடிவு செய்கிறாள். ஒரு பொறியில் சிக்கிய மனிதனைப் பார்த்துத் தன் பொறியிலிருந்து வெளியேற நினைக்கிறாள். இரண்டு பேர் ஒருவரையொருவர் நிஜமாகவே புரிந்துகொள்ளும் ஒரே காட்சி படத்தில் இதுதான்.

6. ஷவர்: மெதுவாக, பல முறை

பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் பேசும்போது ஹிட்ச்காக் வெளிப்படையாகச் சொன்ன விஷயம் இது: இந்த நாவலைப் படமாக்கத் தூண்டியதே, எதிர்பாராத நேரத்தில் ஷவரில் வரும் அந்தக் கொலைதான். ஆகவே ஒப்பீட்டின் மையமும் இதுவாகத்தான் இருக்கும்.

நாவலில் அந்தக் கொலை சில வரி. திரை விலகுகிறது, பவுடர் அப்பி, கன்னத்தில் சிவப்புப் பூசிய ஒரு கிழவியின் முகம் தெரிகிறது, அலறல், கத்தி. மேரியின் தலையே துண்டாகிறது. அத்தியாயம் அங்கேயே நறுக்கென்று முடிகிறது. அந்த நறுக்கில்தான் பிளாக்கின் திறமை இருக்கிறது. நீட்டி எழுதியிருந்தால் அருவருப்பு வந்திருக்கும், அதிர்ச்சி போயிருக்கும்.

படம் நேர் எதிராக, நீட்டுகிறது. ஒரு நிமிடம்கூட வராத கொலைக்கு 1959 டிசம்பரில் ஏழு நாள் படப்பிடிப்பு. 78 கேமரா அமைப்புகள், 52 வெட்டுகள் என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தலை துண்டாவது கிடையாது. கத்தி உடலைக் கிழிப்பதும் தெளிவாகத் தெரியாது. கை, கத்தி, வாய், தண்ணீர், தரை, மறுபடி கத்தி என்று துண்டு துண்டாகக் காட்டி, காயத்தை நம் மூளைக்குள் ஒட்டவைக்கிறார்கள். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். குத்தும் ஓசைக்கு முலாம்பழம். கறுப்பு வெள்ளையில் எடுத்ததற்கு ஒரு காரணம், வண்ணத்தில் இவ்வளவு ரத்தத்தைக் காட்ட முடியாது என்பது.

இசையைத் தனியாகக் கவனியுங்கள். பெர்னார்ட் ஹெர்மன் முழுப் படத்துக்கும் நரம்பு வாத்தியங்களை மட்டும் பயன்படுத்தினார். ஊதுகருவி கிடையாது, தாளக்கருவி கிடையாது. ஷவர் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். ஹெர்மன் எழுதி வைத்திருந்ததைக் கேட்ட பிறகு மனதை மாற்றிக்கொண்டார். ஒரு முறை ஒலியை முழுக்க அணைத்துவிட்டுப் பாருங்கள். இன்னொரு முறை கண்ணை மூடிக் கேளுங்கள். பயத்தில் எவ்வளவு பங்கு வயலினுக்கு, எவ்வளவு பங்கு எடிட்டிங்குக்கு என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கொலைக்கு முந்திய நிமிடங்களையும் விடாதீர்கள். மேரியன் 40,000இலிருந்து காருக்குக் கொடுத்த 700ஐக் கழித்துக் கணக்குப் போட்டு, தாளைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டு நீரை இழுக்கிறாள். அன்றைய ஹாலிவுட் படங்களில் கழிப்பறையைக் காட்டுவதே வழக்கமில்லை. பிறகு தண்ணீருக்கடியில் நிற்கும்போது முகத்தில் ஒரு நிம்மதி. அவள் திருந்திவிட்டாள், கதை இனி அவள் ஊர் திரும்புவதைச் சொல்லும் என்று நாம் நம்பிவிட்ட கணத்தில் திரைக்குப் பின்னால் நிழல் தெரிகிறது. நாவலின் மேரியும் குளிக்கப் போகும் முன் திருந்திவிடுகிறாள். ஆனால் அவளோடு நமக்கு இவ்வளவு பழக்கம் இல்லை, அதனால் வலி குறைவு.

7. துடைப்பமும் சதுப்பும்

கொலைக்குப் பின் வரும் பகுதியைப் பலர் அவசரமாகத் தாண்டிவிடுவார்கள். நான் படத்தின் உச்சம் என்று நினைப்பது இதைத்தான். வசனம் கிட்டத்தட்ட இல்லாத பத்து நிமிடம். நார்மன் ஓடி வருகிறான், வாயைப் பொத்திக்கொள்கிறான், பிறகு குளியலறையைக் கழுவுகிறான், உடலைச் சுற்றுகிறான், பெட்டியை அடுக்குகிறான். செய்தித்தாளில் சுற்றிய பணம் என்று தெரியாமலே அதையும் காரில் எறிகிறான். காரைச் சதுப்பில் தள்ளுகிறான். கார் மூழ்குகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. நார்மன் பதறுகிறான். நாமும் பதறுகிறோம்.

எதற்குப் பதறினோம்? சற்று முன்தான் நம் நாயகியைக் கொன்றார்கள். இப்போது அந்தக் குற்றம் வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று நாம் தவிக்கிறோம். கார் மூழ்கி முடிக்கும்போது, நாம் மேரியன் பக்கமிருந்து நார்மன் பக்கம் கை மாறிவிட்டோம். நாவலுக்கு இந்த வேலையே இல்லை, முதல் பக்கத்திலிருந்தே நாம் அங்கேதான் இருக்கிறோம். உங்கள் ஒப்பீட்டில் ஒரே ஒரு காட்சியைப் பற்றி விரிவாக எழுதப்போகிறீர்கள் என்றால் இதை எடுங்கள்.

8. அம்மாவை எப்படி மறைத்தார்கள்?

ரகசியம் இதுதான்: அம்மா எப்போதோ இறந்துவிட்டாள், அவளாக மாறிக் கொல்வது நார்மன். நாவலை இரண்டாம் முறை புரட்டி, அம்மா வரும் ஒவ்வொரு பத்தியையும் பென்சிலால் குறியுங்கள். அவள் நார்மனோடு பேசும்போது அந்த அறையில் மூன்றாவது ஆள் இருக்கிறாரா? அந்தப் பேச்சு யார் மனதின் வழியாக நமக்கு வருகிறது? பிளாக் பொய் சொல்வதில்லை. நார்மனுக்குள் இருந்து எழுதுகிறார். நார்மனுக்கு அம்மா பேசுவது கேட்கிறது, ஆகவே நமக்கும் கேட்கிறது. மேற்கோள் குறிக்குள் இருக்கும் வசனத்துக்குத் தனிக் குரல் கிடையாது என்பது எழுத்தின் பெரிய வசதி. கொலை நடக்கும்போது நார்மன் குடித்து நினைவிழந்து கிடக்கிறான் என்பதும் அதே தந்திரத்தின் பகுதி. அந்த நேரத்து நினைவு அவனிடம் இல்லை, அதனால் நம்மிடமும் இல்லை.

படத்தில் குரல் நிஜமாகவே ஒலிக்க வேண்டும், உருவம் நிஜமாகவே தெரிய வேண்டும். குரலை ஒருவர் மட்டும் தரவில்லை. வர்ஜினியா கிரெக், ஜீனெட் நோலன், பால் ஜாஸ்மின் என்று இரு பெண்கள், ஒரு ஆண் குரல்களைப் பயன்படுத்தினார்கள். ஷவர் காட்சியில் கத்தியோடு நிற்பது பெர்கின்ஸ் அல்ல. அவர் அப்போது நாடக ஒத்திகைக்காக நியூயார்க்கில் இருந்தார். அந்த உடல்வாகு அவருடையது இல்லை என்பதே ஒரு மறைப்பு.

துப்பறிவாளர் அர்போகாஸ்ட் சாகும் காட்சி இதற்குச் சரியான பாடம். நாவலில் வீட்டுக்குள் நுழைந்ததுமே சவரக்கத்தியால் கதை முடிகிறது. படத்தில் அவர் மாடிப்படி ஏறுகிறார், கேமரா சட்டென்று கூரைக்குப் போய்விடுகிறது, அறைக்கதவு திறந்து ஓர் உருவம் பாய்கிறது. மேலிருந்து பார்ப்பதால் முகம் தெரியாது. இந்தக் கோணத்தை ஒரே ஒரு முறை பயன்படுத்தியிருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நார்மன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கும்போதும் கேமரா மெல்ல மேலேறி அதே உயரத்துக்குப் போகிறது. அப்போது தாயும் மகனும் சண்டை போடும் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் கவனம் சண்டையில் இருக்க, கேமரா ஏறுவதை நாம் கவனிப்பதில்லை. ஹிட்ச்காக்கே இதை ட்ரூஃபோவிடம் விளக்கியிருக்கிறார். பிளாக் மேற்கோள் குறியால் சாதித்ததை இவர் உயரத்தால் சாதிக்கிறார்.

9. சாம், லைலா

இறந்தவளின் காதலனும் தங்கையும் தேடி வரும் பகுதியில் அதிக நேரம் செலவிட வேண்டாம். நாவலில் சாம் கொஞ்சம் கூடுதல் ஆழத்தோடு இருக்கிறான். கூடவே வாழ நினைத்த பெண்ணை நமக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று யோசிக்கிறான். படத்தில் அதற்கு இடமில்லை. வேரா மைல்ஸ் நடித்த லைலா வீட்டுக்குள் அறை அறையாக நுழையும் சில நிமிடங்களை மட்டும் நன்றாகப் பாருங்கள். அம்மாவின் படுக்கையில் பதிந்திருக்கும் உடலின் பள்ளமும், நார்மனின் அறையிலுள்ள பொம்மைகளும், நாவலில் பக்கக்கணக்கில் வரும் மனநிலையைச் சில ஷாட்டில் சொல்லிவிடுகின்றன.

10. முடிவு: இரண்டுமே விளக்குகின்றன

நாவலில் மருத்துவர் சொன்னதைச் சாம் லைலாவுக்கு எடுத்துச் சொல்கிறான். நார்மனுக்குள் மூன்று பேர் என்று பிரிக்கிறார்கள்: அம்மாவை விட முடியாத சிறுவன், அம்மா, ஊருக்கு முன் இயல்பாக நடமாடும் பெரியவன். படத்தில் மனநல மருத்துவர் நேரடியாகவே நின்று பேசுகிறார், நீளமாக. இந்தப் பேச்சு படத்தின் பலவீனம் என்று விமர்சகர் ரோஜர் ஈபர்ட் உட்படப் பலர் சொல்லியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அவ்வளவு நேரம் கண்ணால் சொல்லிவந்த படம் இங்கே திடீரென்று வாயால் சொல்கிறது. நாவலில் அதே விளக்கம் உறுத்தவில்லை, ஏனென்றால் அங்கே எல்லாமே சொற்கள்தான். 1960இன் பார்வையாளருக்கு இந்த விளக்கம் தேவைப்பட்டிருக்கலாம் என்ற எதிர்வாதத்தையும் எழுதிவிடுங்கள், அது நியாயமானது.

அதன் பிறகு இரண்டும் ஒரே இடத்துக்கு வருகின்றன. அறையில் தனியாக அம்மாவின் மனம், கையில் ஓர் ஈ, அதைக்கூடத் துன்புறுத்தாத நல்லவள் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்ற எண்ணம். பிளாக் எழுதியதை ஹிட்ச்காக் ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டார். மேலே சேர்த்தது ஒரு சிரிப்பும், அந்த முகத்தின் மேல் நொடி நேரம் படியும் மண்டையோடும், சதுப்பிலிருந்து சங்கிலியில் இழுபடும் காரும்.

11. மாற்றத்துக்குக் கலை மட்டும் காரணமில்லை

ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே மூன்று கேள்வி போடுங்கள்: இது ஊடகம் கேட்டதா, பணம் கேட்டதா, தணிக்கை கேட்டதா?

பாரமவுண்ட் நிறுவனத்துக்கு இந்தக் கதையில் விருப்பமில்லை. ஹிட்ச்காக் தன் சொந்தக் கம்பெனி மூலம் பணம் போட்டு, தன் தொலைக்காட்சித் தொடரின் குழுவை வைத்து, சுமார் 8 லட்சம் டாலரில் எடுத்தார். ஒளிப்பதிவாளர் ஜான் எல். ரஸ்ஸல் அந்தக் குழுவிலிருந்து வந்தவர். சில இடங்களின் சிக்கனமும் வேகமும் அங்கிருந்து வந்தவை. நாவலின் உரிமையை வாங்கியவர் யார் என்றே பிளாக்குக்குத் தெரியாது. பெயர் சொல்லாமல் 9,000 டாலர் அளவுக்கு முடித்துவிட்டார்கள்.

நாவலுக்கும் ஒரு பின்னணி உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தின் பிளெய்ன்ஃபீல்டில் 1957 நவம்பரில் எட் கீன் என்ற கொலைகாரன் கைதானபோது பிளாக் அதே மாநிலத்தில், அதிகத் தொலைவில்லாத ஒரு சிற்றூரில் குடியிருந்தார். அக்கம்பக்கத்துக்கு நல்லவனாகத் தெரிந்த ஒருவன் இப்படி இருக்க முடியுமா என்ற கேள்வியிலிருந்து நார்மன் பிறந்தான். நாவலிலேயே கீன் வழக்கு பெயரோடு ஒரு வரியில் வருகிறது. 'சைக்கோ' அந்த வழக்கின் கதை என்று எழுதினால் மட்டும் தவறாகிவிடும். எடுத்துக்கொண்டது சூழலைத்தான்.

திரையரங்க விதியையும் குறித்துக்கொள்ளுங்கள். படம் தொடங்கிய பின் யாரையும் உள்ளே விடக் கூடாது என்று ஹிட்ச்காக் அறிவித்தார். நினைத்த நேரத்தில் அரங்குக்குள் போகும் பழக்கம் இருந்த காலம் அது. தாமதமாக வருபவர் ஜேனட் லீயைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நாவலாசிரியரால் வாசகர் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவதைத் தடுக்க முடியாது. இவர் வாசல் கதவைச் சாத்தித் தடுத்தார்.

இணையத்தில் படிக்கும் கதைகளில் கவனம் வேண்டும். ஷவர் காட்சியை இயக்கியது தலைப்பு எழுத்துகளை வடிவமைத்த சால் பாஸ் என்று ஒரு வாதம் உண்டு. அதற்குக் காட்சி ஓவியங்கள் வரைந்தது அவர்தான். படப்பிடிப்பில் இயக்கியது ஹிட்ச்காக்தான் என்று ஜேனட் லீ திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறார்.

12. எழுதும்போது

நோட்டில் இருக்கும் எல்லாவற்றையும் கட்டுரையில் கொட்டாதீர்கள். மூன்று காட்சி போதும். ஒவ்வொன்றிலும் இந்த வரிசையில் போகலாம்: நாவலில் நாம் யாரோடு இருக்கிறோம், படத்தில் யாரோடு, அந்த மாற்றம் எந்தக் கருவியால் நடந்தது, அதனால் என்ன கிடைத்தது, எதை இழந்தோம். கடைசிக் கேள்வியைத் தவிர்க்காதீர்கள். படம் நார்மனின் வாசிப்பை இழந்தது. அந்த மனிதன் நிறையப் படிக்கிறான், தன் நோயின் பெயரைக்கூடக் கிட்டத்தட்ட தெரிந்துவைத்திருக்கிறான், அப்படியும் தப்ப முடியவில்லை. இந்தச் சோகம் நாவலில் மட்டும்தான் இருக்கிறது. படத்தைக் கொண்டாடும் பல கட்டுரைகள் இதைத் தொடுவதே இல்லை, பிளாக்குக்கு இது பெரிய அநீதி.

இன்னும் பழக வேண்டுமென்றால் இரண்டு வேலை சொல்கிறேன். கஸ் வான் சான்ட் 1998இல் அதே திரைக்கதையை, பெரும்பாலும் அதே ஷாட்களோடு, வண்ணத்தில் மறுபடி எடுத்தார். வின்ஸ் வான் நார்மனாக நடித்தார். சாப்பாட்டுக் காட்சியை மட்டும் இரண்டிலும் அடுத்தடுத்துப் பாருங்கள். சொற்கள் அவையே, பயம் மட்டும் வரவில்லை என்றால் எங்கே தொலைந்தது என்று எழுதிப் பாருங்கள்.

இரண்டாவது தமிழில். பாலு மகேந்திராவின் 'மூடுபனி' 1980இல் வந்தது. 'சைக்கோ'வின் பாதிப்பும், ராஜேந்திரகுமாரின் 'இதுவும் ஒரு விடுதலைதான்' நாவலும் அதில் சேர்ந்திருக்கின்றன. பிரதாப் போத்தனின் பாத்திரம் கொலைகாரன் என்பதை அந்தப் படம் நம்மிடம் ஒளித்துவைப்பதில்லை. ரகசியமே இல்லாதபோது பார்வையாளரை எதைக் கொண்டு கட்டிப்போடுகிறார் பாலு மகேந்திரா? அதே இரண்டு பத்தி நோட்டை எடுத்து, இந்த முறை மூன்று பத்தி போட்டுத் தொடங்குங்கள்.